ஐந்து வருடம் முடிந்தால் பெட்டியைக் கட்டு!

அமெரிக்க ராணுவம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சீருடை, துப்பாக்கி, போர் விமானம். ஆனால் ஒரு ராணுவத் தளம் நடக்க வேண்டுமென்றால் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஒப்பந்தம் போட ஆள் வேண்டும். சம்பளப் பட்டியல் தயாரிக்க, கிடங்கில் சரக்கு சரிபார்க்க, கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள, தளத்துக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த... இதையெல்லாம் செய்பவர்களில் பலர் சீருடை போடாதவர்கள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிற சாதாரண அரசு ஊழியர்கள். 2025-இல் ஆட்குறைப்பு தொடங்குவதற்கு முன்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இப்படிப்பட்ட சிவிலியன் ஊழியர்கள் 7 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள். ஒரு சிறு பகுதியினர் மட்டும் ஜெர்மனியில் ராம்ஸ்டைன், ஸ்டுட்கார்ட், வீஸ்பாடன், ஜப்பானில் யோகோசுகா, ஒகினாவா, தென்கொரியாவில் கேம்ப் ஹம்ப்ரீஸ், இத்தாலியில் விச்சென்சா, நேப்பிள்ஸ் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். இந்த வெளிநாட்டு வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொதுவாக, தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே இருக்க முடியாது. ஐந்து வருடம் முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்த ஊழியர்கள் இதை 'ஐந்தாண்டு விதி' என்றே சொல்கிறார்கள்.

நமக்கென்ன இதில் என்று கேட்கலாம். பி.காம் படிக்கிற எல்லோரும் மனிதவள மேலாண்மைப் பாடத்தில் 'பணிச் சுழற்சி' பற்றி அரைப் பக்கம் படித்திருப்போம். நன்மைகள் நாலு, குறைகள் மூன்று, ஐந்து மதிப்பெண். அந்த அரைப் பக்கத்தை உலகத்திலேயே மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று அறுபது வருடத்துக்கு மேலாக நிஜ மனிதர்களை வைத்துச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் என்ன நடந்தது என்று பார்த்தால், பாடப்புத்தகம் சொல்லாத ஒரு விஷயம் கிடைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாண்டு வரம்பு நல்ல விதிதான். ஆனால் அது பாதி விதி. மீதிப் பாதி, திரும்பி வருகிறவர் உட்கார ஊரில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி இல்லையென்றால் அதற்குப் பெயர் சுழற்சி இல்லை, நாகரிகமான வெளியேற்றம்.

விதி எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்கப் படைகள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவர்களோடு சிவிலியன்களும் போனார்கள். போனவர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. இன்னொரு பக்கம், ஊரில் நல்ல வேலையில் இருந்தவர்கள் வெளிநாடு போகத் தயங்கினார்கள். ஏன்? போய்விட்டு வந்தால் தன் வேலை இருக்குமா என்ற பயம்.

இந்த இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அது சொன்னது இதுதான்: பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர் ஒருவர் துறையின் தேவைக்காக வெளிநாடு போனால், அங்கே ஒழுங்காக வேலை பார்த்து முடித்த பிறகு, முன்பிருந்த வேலைக்கே திரும்பி வர அவருக்கு உரிமை உண்டு. பணி மூப்பு போகாது. அந்த வேலை இப்போது இல்லையென்றால், அதே வட்டாரத்தில் அதே கிரேடில் வேறு வேலை கொடுக்க வேண்டும். இதைத்தான் 'திரும்பும் உரிமை' என்கிறார்கள். ஐந்து வருட வரம்பும் 1960களில்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. 'நீ போ, உன் இடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்பது நிர்வாகம் கொடுக்கும் வாக்கு. 'நான் போகிறேன், காலம் முடிந்ததும் மற்றவருக்கு வழிவிடுகிறேன்' என்பது ஊழியர் கொடுக்கும் வாக்கு. ஒரு ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று நாம் முதல் வருடமே படித்தோம் இல்லையா, அதுபோல.

வரம்பு ஏன் நல்லது?

வரம்பே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். 'நன்றாக வேலை செய்கிற ஒருவரை ஏன் தூக்க வேண்டும்? ஐந்து வருட அனுபவத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவரை முதலிலிருந்து பழக்குவானேன்?' நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்பக்கம் பலமான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், வாய்ப்பு. ஜெர்மனியில் ஒரு நல்ல பதவி இருக்கிறது. அதில் ஒருவர் இருபது வருடம் உட்கார்ந்துவிட்டால் டெக்சாஸிலோ வர்ஜீனியாவிலோ இருக்கும் மற்ற ஊழியர்களுக்கு அந்த அனுபவம் வாழ்நாளில் கிடைக்காது.

இரண்டாவது, தாய் அலுவலகத்தோடு தொடர்பு. ஒப்பந்த விதிகள் மாறுகின்றன, மென்பொருள் மாறுகிறது, நடைமுறை மாறுகிறது. வெளியே நெடுங்காலம் இருப்பவருக்கு இவை எல்லாம் காதுவழிச் செய்தியாகத்தான் வரும். அமெரிக்க அரசு இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் தொடர்ந்து 24 மாதம் வேலை செய்தவருக்கு 'தாயக விடுப்பு' என்று தனியாக ஒன்று உண்டு. அதை அமெரிக்க மண்ணில்தான் எடுக்க வேண்டும், பாரிஸ் சுற்றிப் பார்க்க எடுக்க முடியாது. ஊரை மறந்துவிடாதே என்பதுதான் உள்ளர்த்தம்.

மூன்றாவது, எல்லா வங்கிக்காரர்களுக்கும் தெரிந்த காரணம். ஒரே மேசையில் ஒருவர் அதிக நாள் இருந்தால் தவறு செய்ய வாய்ப்பும் வரும், செய்த தவறை மறைக்கவும் வழி தெரியும். நம் வங்கிகளில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்புவதும், இடம் மாற்றுவதும் இதனால்தான். புதியவர் வந்து பெட்டியைத் திறக்கும்போதுதான் பழைய கணக்கு வெளியே வரும்.

வெளியுறவுத் துறையைப் பாருங்கள். அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கான 1980-ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்திசையில்கூட வரம்பு வைத்திருக்கிறது. தொடர்ந்து 8 வருடத்துக்கு மேல் உள்நாட்டிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது (விதிவிலக்குகள் உண்டு). அங்கே சுழற்சி வேலையின் இயல்பிலேயே இருக்கிறது.

அப்படியானால் தூதரகத்தில் ஓரளவு சுமுகமாக நடப்பது, பாதுகாப்புத் துறை சிவிலியன்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு தகராறாக இருக்கிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பதவி யாருடையது? ஆளுடையதா, நாற்காலியுடையதா?

ராணுவத்தில் ஒரு மேஜர் எங்கே போனாலும் மேஜர்தான். ஜெர்மனியில் இருந்தாலும் மேஜர், கான்சாஸில் இருந்தாலும் மேஜர். தூதரக அதிகாரிக்கும் அப்படியே. தரம் ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அவரைத் தூக்கி எங்கே வைத்தாலும் அவர் தரம் மாறாது.

அமெரிக்கச் சாதாரண அரசு ஊழியருக்கு அப்படியில்லை. அவருடைய கிரேடு அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குச் சொந்தம். கிரேடு 12 நாற்காலியில் உட்கார்ந்தால் 12. எழுந்துவிட்டால், அடுத்து எந்த நாற்காலி கிடைக்கிறதோ அதுதான் அவர் கிரேடு. சில பாதுகாப்பு விதிகள் இருந்தாலும் அடிப்படை இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தரம் ஆளோடு போகும் அமைப்பில் சுழற்சி சுலபம். தரம் நாற்காலியோடு இருக்கும் அமைப்பில் ஆளைச் சுற்ற வேண்டுமென்றால் நாற்காலியையும் காப்பாற்ற வேண்டும். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியவர்களுக்கு இது புரிந்திருந்தது. அதனால்தான் திரும்பும் உரிமையைச் சட்டத்திலேயே வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் வரம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட அளவுக்கு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஒரு கற்பனைக் கணக்கு

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓஹாயோவில் ஒரு தளத்தில் கிரேடு 9-இல் பட்ஜெட் வேலை பார்க்கும் ஒரு அம்மா. ஜெர்மனியில் கிரேடு 11 வேலை வருகிறது. போகிறார். மூன்று வருடம் முதல் தவணை, பிறகு இரண்டு வருடம் நீட்டிப்பு. நடுவில் கிரேடு 12 ஆகிறார். நன்றாகத்தான் போகிறது.

வரவு செலவைப் பார்ப்போம். ஜெர்மனியில் அவருக்குக் குடியிருப்புப் படி உண்டு. வீட்டு வாடகையும் மின்சாரம் முதலான செலவும் அதில் வரும், அதற்கு வருமான வரியும் கிடையாது. விலைவாசி அதிகமான இடங்களில் அதற்கும் தனிப் படி. ஆனால் அமெரிக்காவுக்குள் ஊருக்கு ஊர் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வட்டாரத் தொகை வெளிநாட்டில் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதிக்கும் மற்ற அமெரிக்கர்களுக்கு இருக்கும் வருமான வரி விலக்கும் அரசு ஊழியருக்குக் கிடையாது.

ஐந்து வருடம் முடிகிறது. திரும்பும் உரிமை இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு? அவர் விட்டுவந்த கிரேடு 9 வேலைக்கு! இடையில் வாங்கிய இரண்டு பதவி உயர்வும் அந்த உரிமைக்குள் வராது. சம்பளப் பாதுகாப்பு விதி ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால் கிரேடு 12 பொறுப்பைப் பார்த்தவர் மறுபடி கிரேடு 9 மேசையில். போன வருடம் யாருக்கு வேலை சொன்னாரோ, அதே நிலையில் இருப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

வேறு வழி என்ன? 'முன்னுரிமைப் பணியமர்த்தும் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 1960களில் தளங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களுக்காக உருவாக்கியது. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களும் அதில் பெயர் பதியலாம். அமெரிக்காவில் எங்காவது பொருத்தமான காலியிடம் வந்தால் இவருக்கு முன்னுரிமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'எங்காவது' என்பதில்தான் சிக்கல். கணவர் எங்கே வேலை தேடுவார், பிள்ளை பள்ளியின் கடைசி வருடத்தை எங்கே முடிப்பான், வாடகைக்கு விட்ட வீட்டை என்ன செய்வது, எதுவும் கடைசி மாதம் வரை தெரியாது.

வீட்டுச் சாமான் மாற்றும் செலவை அரசு கொடுக்கும். ஆனால் 2017 வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2018 முதல் அந்தச் செலவுத் தொகையும் சிவிலியன் ஊழியரின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி போடப்படுகிறது. சீருடைக்காரர்களுக்கு விலக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. பிறகு அந்த வரியைச் சரிக்கட்ட அரசே இன்னொரு படி கொடுக்கிறது. ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுக்கும் இந்தக் கணக்கை எழுதவே தனியாக ஆள் போட வேண்டும் போலிருக்கிறது :-)

திரும்பும் உரிமையே இல்லாதவர்கள்

மேலே சொன்ன அம்மாவாவது பரவாயில்லை. அமெரிக்காவிலிருந்து போனவர், அவருக்குத் திரும்ப ஒரு கிரேடு 9 நாற்காலியாவது இருக்கிறது.

ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஜெர்மனியிலேயே ஓய்வு பெற்று, அங்கேயே சிவிலியன் வேலையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிப்பாயை மணந்து கூடவே போய், அங்கே வேலையில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எந்த நாற்காலியையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆகவே திரும்பிவர நாற்காலியும் இல்லை. ஆனால் ஐந்து வருடக் கடிகாரம் இவர்களில் பலருக்கும் ஓடுகிறது.

இந்த 'உள்ளூரில் சேர்ந்தவர்கள்' விஷயத்தில் நிர்வாகத்துக்கே குழப்பம் இருந்தது என்பதற்கு 2013 நல்ல சாட்சி. அந்த வருடம் ஒரு தணிக்கை நடந்தது. வெளிநாட்டிலேயே வேலைக்குச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோருக்குத் தகுதி இல்லாமலேயே பல வருடமாகக் குடியிருப்புப் படி கொடுக்கப்பட்டுவந்தது தெரிந்தது. படி உண்டு என்று எழுதிக் கொடுத்தது நிர்வாகம். அதை நம்பி வீடு எடுத்தது ஊழியர்கள். கடைசியில் 'நீங்கள் அரசுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்' என்று கடிதம் வந்தது ஊழியர்களுக்கு! பிறகு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய வழி செய்தார்கள். ஆனாலும் பல மாதம் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? விதியை எழுதியவர்களுக்கே விதி புரியவில்லையென்றால், அதை நம்பிக் கடல் தாண்டிப் போகிறவர் என்ன செய்வார்?

சுழற்சி ஊழலைத் தடுக்குமா?

பாடப்புத்தகத்தின் நம்பர் ஒன் நன்மை இது. ஒரு நிஜ வழக்கை வைத்துப் பார்ப்போம்.

லெனர்ட் கிளென் ஃபிரான்சிஸ் என்று ஒரு மலேசியக்காரர். சிங்கப்பூரில் இருந்து இயங்கிய கிளென் டிஃபென்ஸ் மரைன் ஏசியா என்ற கம்பெனிக்கு முதலாளி. ஆசியத் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குத் தண்ணீர், எரிபொருள், உணவு, குப்பை அகற்றுதல், பாதுகாப்பு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது தொழில். அதிகாரிகளுக்கு விருந்து, பரிசு, பணம், பெண்கள் என்று கொடுத்து, கடற்படையிடம் கோடிக்கணக்கில் அதிக பில் போட்டு வாங்கினார். 2013 செப்டம்பரில் சான் டியேகோவில் கைது. 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022-இல் வீட்டுக் காவலில் இருந்து தப்பி வெனிசுவேலா வரை போய்ப் பிடிபட்டு, கடைசியில் 2024 நவம்பரில் 15 வருடச் சிறைத் தண்டனை பெற்றார்.

மாட்டியவர்களில் பெரும்பாலோர் சீருடை அதிகாரிகள். அவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு. அதாவது சுழற்சி ஜோராக நடந்த இடத்தில்தான் இந்த ஊழல் நடந்தது! காரணம் எளிது. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், லெனர்ட் மாறவில்லை. புதிதாக வரும் அதிகாரிக்கு எந்தத் துறைமுகத்தில் என்ன விலை என்று தெரியாது, எல்லாம் தெரிந்தவர் லெனர்ட்தான். எல்லோரும் புதியவர்களாக இருக்கும் ஆபீஸில் பழைய ஆள் சப்ளையர் மட்டும் என்றால், அந்த ஆபீஸை நடத்துவது யார்?

அப்படியானால் சிவிலியன்களை நீண்ட காலம் வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. இதே வழக்கில் சிங்கப்பூரில் ஒப்பந்தப் பிரிவில் மேலாளராக இருந்த ஒரு சிவிலியன் லஞ்சம் வாங்கி ஆறு வருடச் சிறை பெற்றார். கடற்படைப் புலனாய்வுப் பிரிவின் சிவிலியன் ஏஜென்ட் ஒருவர், விசாரணை ஃபைல்களையே லெனர்டுக்குக் கொடுத்துவந்தார். அவருக்கு 12 வருடம்.

நான் இதில் படித்துக்கொள்ளும் பாடம் இது: கையெழுத்துப் போடும் மேசையைச் சுற்ற வேண்டும், விவரம் தெரிந்த மேசையை நிலையாக வைத்திருக்க வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், சரக்கு வந்ததா என்று பார்ப்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர் என்ற பழைய உள்கட்டுப்பாட்டு முறை இல்லாமல் வெறும் இடமாற்றம் மட்டும் ஊழலைத் தடுக்காது. எல்லோரையும் ஐந்து வருடத்தில் தூக்கு என்ற ஒரே விதி, எந்த மேசை எப்படிப்பட்டது என்று பார்ப்பதே இல்லை.

முழுக்கப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தளப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. அந்த நாட்டு அதிகாரிகளோடு அடிக்கடி பழக வேண்டிய, அந்த ஊர்ச் சட்டமும் பழக்கவழக்கமும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய பதவிகளுக்கும் விலக்கு உண்டு. நல்லதுதான். அவை தவிர மற்றவர்களுக்கு நீட்டிப்பு கிடைப்பது பெரும்பாலும் மேலதிகாரி கையில். ஒரு அதிகாரி கேட்டவுடன் நீட்டிப்பார், அடுத்து வருபவர் விதி விதிதான் என்பார். ஊழியர் தன் வாழ்க்கையைத் திட்டமிடுவது விதியை வைத்தா, யார் மேலதிகாரி என்பதை வைத்தா?

சுழலாத மனிதர்கள்

இந்தக் கதையில் யாரும் பேசாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜப்பானில் அமெரிக்கத் தளங்களில் சுமார் 25,000 ஜப்பானியர்கள் வேலை செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கு முதலாளி ஜப்பான் அரசு. வேலை வாங்குவது அமெரிக்க ராணுவம், சம்பளத்தில் பெரும் பங்கு ஜப்பான் கஜானாவிலிருந்து. ஜெர்மனியிலும் உள்ளூர் ஊழியர்களுக்குத் தனித் தொழிலாளர் ஒப்பந்தம் உண்டு. இவர்கள் யாரும் ஐந்து வருடத்தில் கிளம்புவதில்லை. இருபது முப்பது வருடம் இருக்கிறார்கள்.

சிப்பாய் இரண்டு மூன்று வருடத்தில் போகிறார், அமெரிக்க சிவிலியன் ஐந்து வருடத்தில் போகிறார், உள்ளூர்க்காரர் இருக்கிறார். கொதிகலன் எப்போது பழுதானது, எந்த ஃபைல் எந்த அலமாரியில் என்று தெரிந்தவர் இவர்தான். உண்மையில் ஐந்தாண்டு விதி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இவர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் இவர்களுக்குக் கையெழுத்து அதிகாரம் குறைவு. ஞாபகம் ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம்.

நாற்காலியே காணாமல் போகும்போது

ஊரில் வேலை தாராளமாக இருக்கும் காலத்தில் இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியாது. ஊர் சுருங்கும்போதுதான் தெரியும்.

1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகளில் அமெரிக்கா தன் உள்நாட்டுத் தளங்களை மூடவும் இணைக்கவும் முடிவு செய்தது. நீங்கள் விட்டுவந்த தளமே மூடப்பட்டால் உங்கள் திரும்பும் உரிமை எதைப் பிடித்துத் தொங்கும்? அதே வட்டாரத்தில் அதே கிரேடு என்கிறது சட்டம். அந்த வட்டாரத்தில் ராணுவத்துக்கு இருந்ததே அந்த ஒரு தளம்தான் என்றால்? 2013-இல் பட்ஜெட் வெட்டு வந்தபோது சிவிலியன்களைச் சம்பளமில்லாமல் ஆறு நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

2025 இதைவிடப் பெரியது. பிப்ரவரியில், சிவிலியன் ஊழியர்களில் 5 முதல் 8 சதவீதம் வரை குறைப்போம் என்று பாதுகாப்புத் துறை அறிவித்தது. புதிய ஆள் எடுக்கத் தடை வந்தது. தானாக விலகுகிறவர்களுக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பும் திட்டமும் வந்தது. ஆட்குறைப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு பக்கம் காலியிடங்களை அழித்துக்கொண்டே, மறுபக்கம் 'ஐந்து வருடம் ஆகிவிட்டது, காலியிடம் பார்த்துத் திரும்பு' என்று சொல்வது கணக்கில் உதைக்கிறது. அப்போது வரம்பு சத்தமில்லாமல் ஆட்குறைப்புக் கருவியாகிவிடுகிறது. அந்த வேலைக்காக 1960-இல் யாரும் அதை எழுதவில்லை.

இதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரியும். போனவர் திரும்ப முடியாமல் தவித்ததைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர், தன் முறை வரும்போது 'எனக்கு வெளிநாடு வேண்டாம்' என்பார். திறமையும் குடும்பமும் உள்ளவர் ஊரிலேயே இருந்துவிடுவார். 1960-இல் எந்தத் தயக்கத்தைப் போக்கச் சட்டம் போட்டார்களோ, அதே தயக்கம் திரும்பி வந்து நிற்கும்.

'சும்மா வீடு கொடுத்து வைத்திருந்தார்களே!'

இதற்கு வரும் வழக்கமான பதில் இது. 'வரிப்பணத்தில் ஐரோப்பாவில் ஐந்து வருடம் வாடகை இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு என்ன பரிதாபம்? எல்லாம் தெரிந்து கையெழுத்துப் போட்டுத்தானே போனார்கள்?'

படி அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தப் படி, சொந்த வீட்டை விட்டு வேற்று நாட்டில் குடித்தனம் நடத்துவதற்கு. திரும்பி வந்தபின் நடுத்தெருவில் நிற்பதற்கான நஷ்டஈடு அதில் சேரவில்லை. கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் உண்மை. எந்தச் சட்டத்தை நம்பிப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு தரப்பு தன் கடமையைச் செய்யாமல், மறு தரப்பை மட்டும் 'ஒப்பந்தப்படி நட' என்று சொல்லக் கூடாது.

என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் நாலு விஷயம்:

1. வரம்பு பதவிக்குப் பதவி மாறட்டும். பணம், ஒப்பந்தம், கொள்முதல் கையெழுத்து உள்ள மேசைக்கு மூன்று நாலு வருடம்கூடப் போதும். தொழில்நுட்பம், உள்ளூர்த் தொடர்பு உள்ள மேசைக்கு எட்டு பத்து வருடம் ஆனாலும் தவறில்லை. பதவி விளம்பரத்திலேயே அதை எழுதிவிட வேண்டும்.

2. திரும்பும் உரிமை பழைய கிரேடோடு நிற்கக் கூடாது. வெளிநாட்டில் போட்டியிட்டு வாங்கிய கிரேடுக்குச் சமமான வேலையைத் தேடித் தருவது துறையின் பொறுப்பாக வேண்டும்.

3. கடைசி வருடத்தின் தொடக்கத்திலேயே, அதாவது 12 மாதத்துக்கு முன்பே, 'உன் இடம் இது' என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் சொல்லும் வரை வரம்பும் தள்ளிப்போக வேண்டும். அப்போது தேடும் அவசரம் ஊழியருக்கு மட்டும் இல்லாமல் நிர்வாகத்துக்கும் வரும்.

4. வெளிநாட்டிலேயே சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே நேராகச் சொல்லிவிட வேண்டும்: இந்த வேலை இத்தனை வருடம், திரும்ப இடம் கிடையாது, இன்னின்ன படி உண்டு, இன்னின்ன கிடையாது. அரைகுறையாக நம்பவைத்துக் கடைசியில் கடிதம் அனுப்புவதைவிட முகத்துக்கு நேரே இல்லை என்பது எவ்வளவோ மேல்.

இவற்றில் மூன்றாவதை மட்டும் செய்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. செலவும் அதிகம் இல்லை. முன்கூட்டியே திட்டமிடும் பழக்கம் மட்டும்தான் வேண்டும். அதுதான் எந்த அரசாங்கத்துக்கும் கஷ்டம் என்பது வேறு விஷயம்!

நம்மில் பலர் நாளைக்கு வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ சேரப் போகிறோம். 'ரெண்டு வருஷம் வெளிநாட்டு ப்ராஜெக்ட், போயிட்டு வா' என்று எப்போதாவது ஒரு மேலாளர் சொல்லலாம். சம்பளம் என்ன, படி என்ன, விசா என்ன என்று எல்லோரும் கேட்போம். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: 'திரும்பி வந்தா எனக்கு எந்த இடம் சார்?'